கோசோங் கோசோங்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது என்னவென்று தெரியும். ஓய்வு பெற்ற மனிதர், ஆயுசில் பாதியை சாலிடர் புகையில் கழித்தவர், உற்சாகமாக நாலு வார்த்தை எழுதுவார் என்று நினைத்திருப்பீர்கள். மன்னிக்கவும். உற்சாகமான கதை என் கைவசம் அதிகம் இல்லை. இருப்பதில் எது என்னை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

கிட்டார் எஃபெக்ட்ஸ் பெட்டி பழுதென்று வந்தால் நீங்கள் முதலில் என்ன செய்கிறீர்கள்? உங்கள் பட்டறைக்கு வந்தபோது ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை. இரண்டு பொத்தான்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தைக் கொடுத்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, "சரியாயிடுச்சு பாஸ்" என்கிறீர்கள். பெரும்பாலும் சரியாகத்தான் ஆகிவிடும். எனக்குப் பயமே அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பட்டறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மத்தியானத்தில் சாம்பார் வாசனையும் ஈயம் உருகும் வாசனையும் ஒன்றாக ஏறி வரும். முதலாளியைத் தவிர நாங்கள் மூன்று பேர். கவுண்டரில் பரிமளா அக்கா, வாடிக்கையாளரிடம் பேசுவது, தொலைபேசி, ரசீது எல்லாம் அவர் பொறுப்பு. பழுது பார்க்கும் மேஜையில் நானும் லிம்மும். லிம் என் வயதுக்காரன், அதிகம் பேசமாட்டான், பேசினால் மலாயில் பேசுவான். அவன் தொட்ட பெட்டி இரண்டாம் முறை பழுதாகி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போதுதான் டிஜிட்டல் பெட்டிகள் கைக்கு வரத் தொடங்கியிருந்தன. அதற்கு முன்னால் எதிரொலிக்கு ஒரு பெடல், கரகரப்புக்கு ஒரு பெடல் என்று கிட்டார்காரர்கள் ஒரு மூட்டையையே சுமந்து திரிந்தார்கள். புதுப் பெட்டியில் எல்லாம் ஒன்றாக அடங்கியிருந்தது. வேண்டிய சத்தத்தை நுணுக்கி நுணுக்கித் திருப்பி அமைத்து ஓர் எண்ணின் கீழ் சேமித்துக்கொள்ளலாம். மேடையில் அந்த எண்ணைக் காலால் மிதித்தால் போதும், அந்தச் சத்தம் வரும். எண்கள் பூஜ்யம் பூஜ்யத்தில் தொடங்கும். சேமித்ததை எல்லாம் உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி காப்பாற்றி வைத்திருக்கும்.

பெட்டியின் மென்பொருள் சில சமயம் தடுமாறி, திரையில் எண் அப்படியே உறைந்துவிடும். அதற்கு மருந்து முழுத் துடைப்பு. தொழிற்சாலையில் போட்ட சத்தங்கள் மட்டும் திரும்ப வரும், வாடிக்கையாளர் சேமித்தது எதுவும் மிஞ்சாது. வேலை முடிந்ததும் பெட்டி மெல்லிசாக ஒரு கீச் சத்தம் போடும். துடைப்பதற்கு முன்னால் கம்பி போட்டுக் கணினிக்குப் பிரதி எடுத்து வைக்க வழி இருந்தது. ஆனால் எங்களிடம் இருந்த கணினி பிடிவாதக்காரக் கணினி, பாதி வழியில் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. முதலாளிக்கு அது வீண் வேலை. "எவன் போட்ட சவுண்டு எவனுக்கு வேணும்? கேட்டுப் பாரு, வேணும்னு சொன்னா மட்டும் எடு" என்பார். ஆகவே துடைப்பதற்கு முன்னால் வாடிக்கையாளரைக் கேட்பது எங்கள் பழக்கம். நல்ல பழக்கம்தான். நான் சொல்லப்போவது, கேட்ட பிறகு நடந்த கதை.

கோசோங் என்ற சொல்லை நாம் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறோம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? கடையில் உட்கார்ந்து தே ஓ கோசோங் என்றால் சர்க்கரை போடாத கட்டந்தேநீர் வருகிறது. தொலைபேசி எண் சொல்லும்போது கோசோங் மூணு என்று ஆரம்பிக்கிறோம், அங்கே அது பூஜ்யம். வீட்டில் ஆள் இல்லை என்றால் வீடு கோசோங், பையில் காசு இல்லை என்றால் பை கோசோங். மலாயிடமிருந்து வாங்கிய சொல், நம் வாயில் இரண்டு வேலை பார்க்கிறது, எண்ணாகவும் காலியாகவும். நாமும் ஒருநாள்கூடக் குழம்பியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

சேவியர் கிள்ளானைச் சேர்ந்தவர். முப்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். பகலில் உலோகத் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் அழுத்து இயந்திரம் ஓட்டுவார், வாரக்கடைசியில் ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பார். கல்யாண விருந்து, கோயில் திருவிழா, பிறந்தநாள் என்று கிள்ளான் வட்டாரத்தில் அந்தக் குழுவுக்கு நல்ல பெயர். அவர் பெட்டியைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"ஆன் பண்ணா கொஞ்ச நேரம் ஓடுது அக்கா, அப்புறம் அப்படியே நின்னுடுது. சனிக்கிழம புரோகிராம் இருக்கு" என்று பரிமளா அக்காவிடம் சொன்னார். சொன்னார் என்பதைவிட, கத்தினார். தொழிற்சாலைக்காரர்கள் பலர் அப்படித்தான் பேசுவார்கள், நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது பேசினால் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சர்ச்சின் ஒலிபெருக்கி வேலைக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். பெட்டி லிம்மின் மேஜைக்குப் போனது. அவன் சோதித்துப் பார்த்தான். பேட்டரியை மாற்றி முழுத் துடைப்பு செய்தால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்தான். உறைவதற்கு முன்னால் பெட்டி கொஞ்ச நேரம் ஓடியது அல்லவா, அந்த நேரத்துக்குள் பிரதி எடுத்துவிடலாம் என்றும் அவனுக்குத் தெரியும். கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரைக் கேட்கச் சொன்னான்.

பரிமளா அக்கா தொழிற்சாலைக்குத் தொலைபேசி போட்டார். பின்னால் இயந்திரங்கள் தடால் தடால் என்று இடிக்கும் இரைச்சல். யாரோ போய் சேவியரைக் கூட்டி வந்தார்கள். அக்கா தொண்டை கிழியக் கேட்டார், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், என்ன செய்யட்டும் என்று. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது:

"கோசோங் கோசோங் லா அக்கா. மத்தது தேவையில்ல."

அக்கா நிம்மதியாகத் தொலைபேசியை வைத்தார். காலி பண்ணிவிடு, வேறு ரிப்பேர் எதுவும் தேவையில்லை. அவர் காதில் விழுந்தது இதுதான். லிம்மிடம் மலாயில் சொன்னார், அவர் கோசோங் கோசோங் என்கிறார் என்று. மலாயிலும் அதே சொல், அதே இரண்டு அர்த்தம். லிம் கம்பியைச் சுருட்டி வைத்துவிட்டுப் பொத்தான்களை அமுக்கினான். பெட்டி கீச் என்றது. பிறகு ஒருமுறைகூட உறையவில்லை.

சேவியர் வாங்க வந்தபோது நான் இருந்தேன். வழக்கம்போல பட்டறையில் இருந்த ஆம்ப்ளிஃபையரில் சொருகி, கடையின் கிட்டாரைக் கையில் கொடுத்தோம். திரையில் பூஜ்யம் பூஜ்யம் இருந்தது. ஒரு தந்தியைத் தட்டினார். பெட்டியோடு தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய சத்தம் வந்தது, பெரிய மண்டபத்தில் கத்துவதுபோல எதிரொலியோடு. இன்னொரு முறை தட்டினார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, கோசோங் கோசோங் எங்க?"

"அதான் கோசோங் கோசோங்" என்று நான் திரையைக் காட்டினேன்.

"நம்பர் இருக்குண்ணே. என் சவுண்டு எங்க? அது ஒன்னு மட்டும் வேணும்னு அக்காகிட்ட சொன்னேனே. மத்தது போனா போவுதுன்னு."

பரிமளா அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த இடத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு ஆள் அகப்படவில்லை என்பதுதான் கொடுமை. சேவியர் சரியாகத்தான் சொல்லியிருந்தார், அக்கா சரியாகத்தான் கேட்டிருந்தார், லிம் சொன்னதைத்தான் செய்திருந்தான்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "பேட்டரி செத்துப்போச்சு, அதுல தானாவே அழிஞ்சிடுச்சுன்னு சொல்லிடு. தமிழ்ல நீ சொன்னா கேட்டுக்குவான்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவருகே நின்ற லிம் தலையை ஆட்டினான். "நோ லா பாஸ். நான் அமுக்கினது, நானே சொல்றேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு வெளியே போனான். சேவியரின் எதிரில் நின்று, தான் அழித்ததை மெதுவாகச் சொன்னான். சேவியர் அவன் வாயையே பார்த்தார். சண்டை போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

நான் தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தேன். "சேவியர், ஒரு சவுண்டுதானே. போட்டது நீங்க, மறுபடி நீங்களே போட்டுடலாம். இங்கயே உக்காருங்க, நாங்க ரெண்டு பேரும் கூட இருக்கோம்."

"இல்லண்ணே, நீங்க போட்டுக் குடுங்க."

"உங்க சவுண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் பெட்டியை எங்களிடமே விட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தார், ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ பதிந்தது. தட்டு விழும் சத்தத்துக்கும் குழந்தைகள் அழுகைக்கும் நடுவே கிட்டார் எங்கோ தூரத்தில் கேட்டது. அப்படியும் அது எவ்வளவு நல்ல சத்தம் என்று எனக்குப் புரிந்தது. உருண்டையாக, கூச்சல் இல்லாமல், பாடுகிறவரின் குரலுக்குப் பக்கத்தில் இடம் விட்டு நிற்கிற சத்தம். நானும் லிம்மும் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். கிட்டத்தட்ட வந்தது. இந்தத் தொழிலில் கிட்டத்தட்ட என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றுவரை எரிச்சல் வரும்.

புரோகிராமுக்கு முந்தின நாள் சேவியரை வரச் சொல்லி, "கடைசித் திருத்தம் நீங்கதான் பண்ணணும்" என்று பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். அவர் தயங்கித் தயங்கிக் குமிழைத் தொட்டார். ஒரு ஸ்வரம் வாசித்தார். சத்தத்தின் உச்சத்தை, ட்ரெபிள் என்பார்களே அதை, கொஞ்சம் கூட்டினார். மறுபடி வாசித்தார், மறுபடி கூட்டினார். சத்தம் கூர்மையாகிக்கொண்டே போனது. லிம் என்னைப் பார்த்தான். அவர் இன்னும் கூட்டினார். பரிமளா அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தகரத்தை ஆணியால் கீறுவதுபோல இருந்தது, என் பல் கூசியது. கீழே சாப்பாட்டுக் கடையிலிருந்து ஆள் படியேறி வந்து, "என்னா ஆச்சு அண்ணே மேல?" என்று எட்டிப் பார்த்தான்.

சேவியர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இப்பதாண்ணே சரியா வருது" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் கவுண்டரில் தொலைபேசி அடித்தது. அந்தக் காலத்துப் புதுத் தொலைபேசி, குருவிபோல மெல்லிசாகக் கத்தும். அவர் கிட்டாரை நிறுத்திவிட்டிருந்தார், அறையில் வேறு சத்தமே இல்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது, அவர் தலை திரும்பவில்லை.

அப்புறம்தான் கண்ணைத் திறந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்னண்ணே?" என்றார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள், அதற்காகத்தான் இதையே எழுதுகிறேன். நல்லாயிருக்கு என்று சொல்லி அனுப்பினால் மறுநாள் மேடையில் ஊர் முன்னால் அவமானப்படுவார். இல்லை என்று சொன்னால் அந்த நாற்காலியிலேயே அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். யோசிக்க நேரம் கிடையாது, மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ரொம்பக் கூர்மையா இருக்கு சேவியர். காது வலிக்குது."

அவர் கிட்டாரைக் கீழே வைத்தார். பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தெரியும்ணே. டாக்டர் சொல்லிட்டாரு. மேல்சவுண்டு எதுவும் எனக்கு வராது. மிஷின் தின்னுடுச்சு. அந்தக் கோசோங் கோசோங் நான் காது நல்லா இருந்தப்ப போட்டது. அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. எனக்குக் கேக்கலைன்னாலும் சனங்களுக்குச் சரியாதான் கேக்கும்னு தெரியும். மிதிச்சிட்டுத் தைரியமா வாசிப்பேன். குரூப்ல யாருக்கும் தெரியாது."

மற்ற எண்கள் ஏன் தேவைப்படவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவை எல்லாம் காது போன பிறகு போட்டுப் பார்த்தவை. தன்னுடைய நல்ல காதை அவர் அந்த ஓர் எண்ணில் போட்டு வைத்திருந்தார். அதை நாங்கள், ஒரு சொல்லை நம்பி, கீச் என்ற சத்தத்தோடு அழித்துவிட்டோம்.

உச்சத்தைக் குறைத்து, என் காதுக்கும் லிம்மின் காதுக்கும் சரியென்று பட்டதைச் சேமித்துக் கொடுத்தேன். "உங்களுக்கு நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். பொய் இல்லை, நல்லாத்தான் இருந்தது. ஆனால் அது அவர் போட்டதில்லை, அவர் நம்பியதும் இல்லை.

சனிக்கிழமை மாலை நானும் லிம்மும் கிள்ளானுக்குப் போனோம், யாரும் கூப்பிடவில்லை. கல்யாண விருந்து. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. குறை மனிதரிடம் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் குனிந்து பெட்டியைப் பார்த்தார், மிதித்தார், சந்தேகப்பட்டு மறுபடி மிதித்தார். தாளம் இரண்டு இடத்தில் தவறியது. பாட்டுக்கு நடுவே கீபோர்டுகாரர் சிரித்துக்கொண்டே, "என்ன மச்சான், சவுண்ட மாத்திட்டியா?" என்று கேட்டார். சேவியர் குனிந்திருந்தார். கீபோர்டுகாரர் மறுபடி கேட்டார். மூன்றாவது முறை மைக்கிலேயே கேட்டுவிட்டார், மண்டபம் முழுக்கக் கேட்டது, சேவியர் மட்டும் நிமிரவில்லை. கீபோர்டுகாரர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனதை நான் பார்த்தேன். லிம் சாப்பிடாமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

அதன் பிறகு எங்கள் பட்டறையில் சட்டம் மாறியது. கேட்பது கிடையாது, எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் பிரதி. லிம்தான் அதில் பிடிவாதமாக இருந்தான், முதலாளி முணுமுணுத்தாலும் கேட்கவில்லை. பட்டறை மூடும் நாள்வரை பிரதி எடுத்த கணினித் தகடுகள் பெட்டி பெட்டியாகச் சேர்ந்தன. உண்மையைச் சொல்லட்டுமா? அவற்றில் ஒன்றைக்கூட யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை. தேவைப்பட்ட ஒன்று மட்டும் அதில் இல்லை. பாடம் கற்றுக்கொண்டோம் என்று உங்களிடம் பெருமையாகச் சொல்ல முடியும், ஆனால் நாங்கள் கற்றதால் சேவியருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடம் என்றால் பெரும்பாலும் அப்படித்தான், அடுத்தவன் செலவில் நமக்குப் புத்தி வரும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்: துடைப்பதற்கு முன்னால் கேளுங்கள், பதில் வந்ததும் அதை வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள்.

சில மாதம் கழித்து சேவியர் மறுபடி வந்தார். அதே துண்டு, அதே பெட்டி. குழுவை விட்டுவிட்டதாகச் சொன்னார். அவர்கள் போகச் சொல்லவில்லையாம், நல்லவர்களாம், இவரே விட்டுவிட்டாராம். தொழிற்சாலையில் மட்டும் இன்னும் அதே இயந்திரத்தில் இருந்தார்.

"சர்ச்சுல பையனுங்க வாசிக்கிறாங்க, அவுங்களுக்குக் குடுத்திடப் போறேன். எல்லாத்தையும் கோசோங் பண்ணிடுங்கண்ணே."

பரிமளா அக்கா கவுண்டரை விட்டு வெளியே வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றார். "தம்பி, நம்பரா, காலியா?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"காலி அக்கா" என்றார் சேவியர். அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தத் தடவ காலிதான்."

நான் பெட்டியை மேஜையில் வைத்துக் கம்பியைச் சொருகி, எங்கள் சட்டப்படி பிரதி எடுத்துவிட்டு அணைத்தேன். லிம்மைப் பார்த்தேன், அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நானும் பொத்தானைத் தொடவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்தப் பொத்தான்கள் என்று சேவியரே கேட்டார். காட்டினேன். இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் மின்சாரத்தைக் கொடுத்தேன். திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. பெட்டி கீச் என்றது.

அவர் விரலை எடுக்கவில்லை. அமுக்கியபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சா ஒரு சத்தம் வரும்னு சொன்னாங்களே. வந்துச்சாண்ணே?"

"வந்துடுச்சு சேவியர்" என்றேன்.